பல்லுக் கொதியும் அன்ரிபயோட்டிக் குளிசையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், பல் வைத்தியம் பயிலும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையிலே பல்லைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். சைவ சித்தாந்தத்தைப் பற்றிப் பேசுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் இங்கே பலர் இருக்கின்றனர். "நீர் படிக்கிற விஷயத்தையே சொல்லும், எங்கள் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டமையால் துணிந்து வந்தேன்.

நமது வீடுகளிலே வழக்கமாக நடப்பது ஒன்றைச் சொல்கின்றேன். இராத்திரி பத்து மணிக்கு மேலே அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ கொடுப்புப் பல் கொதிக்கத் தொடங்குகிறது. கராம்பு வைத்துப் பார்க்கிறார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார்கள். விடிந்ததும் வீட்டிலுள்ள வாலிபனைக் கூப்பிட்டு, "தம்பி, பாமசியிலே பல்லுக் கொதிக்கு மருந்து என்று கேட்டு வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்புகிறார்கள். தம்பியும் போய், அமொக்சிசிலின் கப்சூல் ஆறோ எட்டோ, மெற்றோனிடசோல் குளிசை சில, நோவுக்கு வேறொன்று, எல்லாவற்றையும் ஒரு சிறு கடிதவுறையிலே போட்டு வாங்கி வருகிறான். வைத்தியரின் துண்டு இல்லை. துண்டின்றி அன்ரிபயோட்டிக் விற்கலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். சட்டம் சட்டப் புத்தகத்திலே இருக்க, கப்சூல் கடிதவுறைக்குள்ளே வந்துவிடுகிறது. இரண்டு நாளில் நோவு அடங்குகிறது. மிச்சக் கப்சூல்கள் அடுத்த நோவுக்கென்று அலுமாரிக்குள்ளே போகின்றன. பல் அப்படியே இருக்கிறது.

நான் பேச வந்தது அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியே. பல் அப்படியே இருக்கிறது.

அன்ரிபயோட்டிக் என்பதற்கு நுண்ணுயிர் கொல்லி என்றும் நுண்ணுயிர் எதிரி என்றும் நம்மவர் பெயர் இட்டிருக்கின்றனர். 1847 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மேனாட்டு வைத்தியத்தை மானிப்பாயிலே தமிழில் கற்பித்த டாக்டர் கிறீன் அவர்கள் இன்று இருந்திருந்தால் இதற்கொரு பெயரை நிலைநாட்டியே விட்டிருப்பார். (மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தவனுக்கு அவர்மேல் உள்ள பட்சபாதத்தை இச்சபை பொறுத்தருள வேண்டும்.) கடையிலும் வீட்டிலும் வழங்கும் சொல்லையே நானும் வழங்குகின்றேன். அன்ரிபயோட்டிக் என்பது பற்றீரியா என்னும் கிருமிகளைக் கொல்லும், அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்து. நோவை நேரே தணிக்கும் மருந்து அன்று. தடிமன், இன்புளுவென்சா முதலிய வைரசு நோய்களுக்கும் அது உதவாது.

இனி, பல் எங்ஙனம் கொதிக்கிறது என்று பார்ப்போம். பல்லின் மேலோடு நம் தேகத்திலுள்ள பொருள்கள் எல்லாவற்றிலும் கடினமானது. அதற்குள்ளே எலும்பை ஒத்த ஒரு படை. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மெல்லிய சதை. இதனைப் பற்கூழ் என்பர். வாயிலே உள்ள கிருமிகள் நாம் உண்ணும் இனிப்பைத் தாமும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் மேலோட்டைக் கரைத்துச் சூத்தையாக்க, கிருமிகள் சிறிது சிறிதாக உள்ளே இறங்கப் பற்கூழ் அழற்சி கொள்கிறது. கையிலோ காலிலோ அழற்சி உண்டானால் அவ்விடம் வீங்கிக்கொள்ளலாம். பற்கூழுக்கோ நான்கு பக்கமும் கல் மதில். வீங்க இடமின்றி அமுக்கம் கூடுகிறது, நரம்பு துடிக்கிறது. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அமுக்கம் கூடுதலாதலால் இரவிலே கொதி அதிகம். இந்த நிலையிலே நோவைத் தருவன அழற்சியும் அமுக்கமும். அவற்றைக் கப்சூல் தீண்டுவதில்லை.

சில நாளில் பற்கூழ் செத்துப்போகிறது. செத்ததும் நோவு நின்றுவிடும்! அந்நேரம் கப்சூல் குடித்துக்கொண்டிருப்பவர், "பார்த்தீர்களா, மருந்து வேலை செய்துவிட்டது" என்பார். நோவு நின்றது நரம்பு செத்தமையால் என்பதை அவருக்கு யார் சொல்வது? அடுத்த முறை அயல்வீட்டுக்காரருக்கும் அதே கப்சூலைச் சிபாரிசு செய்வார். ஒரு மருந்தின் கீர்த்தி ஊரிலே இப்படித்தான் பரவுகிறது.

செத்த பல்லின் கதை அதனோடு முடிவதில்லை. நாம் விழுங்கும் மருந்து குடலிலிருந்து இரத்தத்திலே ஏறி, இரத்தம் போகும் இடத்துக்கே போகும். செத்த பல்லுக்குள்ளே இரத்த ஓட்டம் இல்லை. வாய்க்கால் இல்லாத பாத்திக்கு எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் போய்ச் சேருமா? தோட்டக்காரர் நிறைந்த இச்சபைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே கிருமிகள் பாசி போல ஒட்டிப் படலமாகக் குடியிருந்து, வேரின் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ்க் கட்டை உண்டாக்குகின்றன. கட்டைச் சுற்றி இரத்தம் ஓடும் இடத்திலுள்ள கிருமிகளைக் கப்சூல் குறைக்கலாம். அதனால் வீக்கம் சற்றுத் தணியவும் கூடும். ஊற்றோ பல்லுக்குள்ளே இருக்கிறது. ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து மீண்டும் கட்டும்.

ஆகையால் இதற்குச் சிகிச்சை கையினால் செய்யவேண்டிய சிகிச்சை. பல்லைத் திறந்து, கெட்ட சதையை எடுத்து, வேர்க்குழாயைத் துப்புரவாக்கி அடைக்கவேண்டும். அது முடியாதபோது பல்லைப் பிடுங்கவேண்டும். சீழ் தேங்கி நின்றால் கீறி வழிவிட வேண்டும். அமெரிக்காவிலே செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பரிசோதனையைச் சொல்கின்றேன். பற்கூழ் அழற்சியால் நோவுற்ற 40 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குப் பெனிசிலினும் மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறுங் குளிசையும் ஏழு நாள் கொடுத்தார்கள். எதைக் குடிக்கிறோம் என்பது குடித்தவர்க்குத் தெரியாது. நோவுக் குளிசை இரு பகுதியார்க்கும் கொடுக்கப்பட்டது. நோவிலோ, அவர்கள் எடுத்த நோவுக் குளிசையின் தொகையிலோ இரு பகுதியார்க்கும் வித்தியாசம் காணப்படவில்லை. பரிசோதனை சிறியதுதான். ஆயினும் பல்லின் அமைப்பை அறிந்தவர்க்கு அதன் முடிவு ஆச்சரியம் தராது. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியும், மற்றப்படி சுகதேகியான வளர்ந்தவர் ஒருவருக்குப் பல்லிலேயே சிகிச்சை செய்ய வசதி இருக்கும்போது, இத்தகைய நோவுக்கும் பல்லடிக் கட்டுக்கும் பெரும்பாலும் அன்ரிபயோட்டிக் வேண்டியதில்லை என்றே கூறுகின்றது.

"வேண்டாத கப்சூல் நாலைக் குடித்தால் என்ன கெட்டுப்போயிற்று?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லச் சரித்திரத்துக்குள்ளே சற்றுப் போகவேண்டும்.

1928 இல் இலண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையிலே அலெக்சாந்தர் பிளெமிங் என்பவர் ஒரு பூஞ்சணம் கிருமிகளைக் கொல்வதைக் கண்டார். அதனை மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்போட்டிலே புளோறி, செயின், ஹீற்லி என்போர். 1941 பெப்ரவரியில் அல்பேட் அலெக்சாந்தர் என்ற பொலிஸ்காரருக்கு ஊசி மூலம் கொடுத்தார்கள். முகமெங்கும் சீழ் பிடித்து ஒரு கண்ணையும் இழந்திருந்த அவர் தேறத் தொடங்கினார். ஆனால் மருந்து அவ்வளவுதான் இருந்தது. அவருடைய சிறுநீரைச் சேர்த்து, அதிலே கழிந்த பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் முடிந்தது. மார்ச் மாதத்திலே அவர் இறந்தார். சிறுநீரிலிருந்து மீட்டெடுத்த மருந்தின் வழித்தோன்றலையே நாம் கடிதவுறையிலே போட்டு அலுமாரிக்குள்ளே எறிந்து வைத்திருக்கிறோம்.

பெனிசிலினை உடைத்தழிக்கும் ஒரு பொருளைச் சில கிருமிகள் தாமே செய்துகொள்கின்றன என்பதைச் செயினும் ஏபிரகாமும் 1940 இலேயே, அம்மருந்து மனிதருக்குப் பயன்படு முன்னரே, கண்டு எழுதிவிட்டார்கள். 1945 இல் நோபெற் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையிலே பிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவர் தொண்டை நோவுக்குத் தாமாகவே பெனிசிலின் வாங்கி, கிருமி சாவதற்குப் போதாத அளவிலே எடுக்கிறார். கிருமி சாகாமல் பாடம் படித்துக்கொள்கிறது. அது அவருடைய மனைவிக்குத் தொற்றி நியுமோனியாவாகிறது. பெனிசிலின் பலிக்கவில்லை, மனைவி இறக்கிறாள். பழி யாருடையது என்று பிளெமிங் கேட்டார். மருந்தைக் கண்டவரே, மருந்துக்கு மாலையிட்ட மேடையிலே நின்று இதைச் சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது அவசியம். "இவருடைய உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று நம்மவர் சொல்வார்கள். பழகுவது உடம்பு அன்று, கிருமி. ஒரு மனிதரின் வாயிலும் குடலிலும் எண்ணிலடங்காத கிருமிகள் தீங்கின்றி வாழ்கின்றன. நாம் ஒரு பல்லுக்கென்று விழுங்கும் மருந்து பல்லோடு நிற்பதில்லை. அவை எல்லாவற்றின்மீதும் பாய்கிறது. மெலிந்தவை சாக, எதிர்த்து நிற்கக்கூடியவை மிஞ்சிப் பெருகுகின்றன. அவை தம் வித்தையைத் தம் இனத்துக்கு மாத்திரமன்றிப் பிற இனக் கிருமிகளுக்கும் கைமாற்றவல்லன. பின்னர் அவை கையாலும் உணவாலும் தண்ணீராலும் வீட்டிலுள்ளவர்க்கும் அயலவர்க்கும் செல்லும். நான் குடித்த கப்சூலுக்கு விலை கொடுப்பவர், அதை ஒருநாளும் குடியாத ஒரு கைக்குழந்தையாக இருக்கலாம். மற்ற மருந்துகளிற் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குணம் இல்லை. எனது நீரிழிவுக் குளிசையை நான் தப்பாக எடுத்தால் கெடுவது நான் ஒருவனே. அன்ரிபயோட்டிக்கோ ஊருக்குப் பொதுவான நன்னீர்க் கிணறு போன்றது. ஒருவர் அதற்குள்ளே அழுக்குத் துணி துவைத்தால் எல்லோர் குடத்திலும் அழுக்கு.

2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகத்திலே சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களாலேயே இறந்தனர் என்று 2022 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதிலே பல் வைத்தியத்தின் பங்கு சிறிதென்று ஒதுக்க முடியாது. மனிதருக்கு எழுதப்படும் அன்ரிபயோட்டிக் துண்டுகளில் ஏறக்குறைய பத்திலொன்று பல் வைத்தியரின் கையால் எழுதப்படுவதாகக் கணிக்கின்றனர்.

அப்படியானால் குற்றம் பாமசிக்குப் போகும் தம்பியினுடையது மாத்திரமா? இல்லை. நான் சேரவிருக்கும் தொழிலையும் சேர்த்தே பேசவேண்டும். வெளியே அறுபது பேர் காத்திருக்க, உள்ளே ஒரே நாற்காலி. ஒரு பல்லைத் திறந்து துப்புரவாக்க அரை மணி வேண்டும். துண்டு எழுத அரை நிமிஷம் போதும். "டொக்டர், பவர் கூடிய கப்சூல் ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வருபவரும் உளர். கொடாவிட்டால், "அந்த டொக்டருக்கு ஒன்றும் தெரியாது" என்று வேறிடம் செல்வர். ஆகையால் களைப்பினாலும் முகத்தாட்சணியத்தினாலும் துண்டு எழுதப்படுகிறது. பவர் என்பதும் ஒரு மயக்கமே. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் இம்மருந்துகளை மூன்றாக வகுத்தது: எவர்க்கும் எளிதிற் கிடைக்கவேண்டியவை, கவனத்தோடு கையாளவேண்டியவை, வேறெதுவும் பலியாதபோது எடுக்கச் சேமித்து வைக்கவேண்டியவை. பல்லுக்கு மருந்து வேண்டிய இடத்திலும் முதல் வகையிலுள்ள அமொக்சிசிலினும் மெற்றோனிடசோலும் பெரும்பாலும் போதும். சேமித்து வைத்த விதைநெல்லைக் குத்திப் பொங்குவது பெருமையாகாது.

இந்நாட்டவராகிய பேராசிரியர் சேனக பிபிலே அவர்களை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். தேவையான மருந்து எது, அது நியாய விலையிலே ஏழைக்கும் கிடைப்பது எவ்வாறு, வியாபாரப் பெயர் ஒழிந்து மருந்தின் சொந்தப் பெயராலே எழுதப்படுவது எவ்வாறு என்றெல்லாம் எண்ணியவர் அவர். 1971 இல் தொடங்கிய அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைத்து நடத்தி, 1977 இல் கயானா நாட்டிலே காலமானார். 2022 இலே பணத் தட்டுப்பாட்டினால் நம் வைத்தியசாலை அறைகளில் மருந்தில்லாமற் போன நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பொழுது மருந்து வராமையால் இல்லாமற் போயிற்று. கப்பல் வந்ததும் தீர்ந்தது. கிருமி பழகியதால் இல்லாமற் போகும் மருந்தை எந்தக் கப்பலும் கொண்டுவர மாட்டாது.

நிற்க. அன்ரிபயோட்டிக் பல் வைத்தியத்துக்கு வேண்டியதே இல்லை என்று நான் சொன்னதாக எவரும் வீட்டிலே போய்ச் சொல்லவேண்டாம். உயிர் காக்கும் இடம் உண்டு. பல்லடிச் சீழ் ஒரு கட்டாக நில்லாமல் பரவத் தொடங்கினால், அதாவது காய்ச்சல் வந்தால், முகமோ கழுத்தோ வீங்கினால், வாய் திறக்க முடியாது போனால், அங்கே மருந்து வேண்டும், சிகிச்சையுடன் சேர்த்து. கீழ்க் கொடுப்புப் பல்லிலிருந்து சீழ் நாக்கின் கீழே பரவுவதை 1836 இல் லூட்விக் என்ற ஜேர்மானிய வைத்தியர் விவரித்தார். நாடியின் கீழே இரு பக்கமும் பலகை போல இறுகி வீங்கும், நாக்கு மேலே தள்ளப்படும், உமிழ்நீர் விழுங்க முடியாது, குரல் மாறும், மூச்சு அடைபடும். அன்ரிபயோட்டிக் தோன்று முன்னர் இந்நோய் கண்டவரிற் பாதிக்கு மேல் இறந்தனர். இப்படி வீங்கியவரைப் பாமசிக்கும் அனுப்பவேண்டாம், தனியார் பல் வைத்தியரின் வாசலிலும் காத்திருக்க விடவேண்டாம். அந்நேரமே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். மருந்து அந்த மனிதருக்காகவே பலிக்கும் நிலையில் இருக்கவேண்டும். அலுமாரிக் கப்சூல்கள் கெடுப்பது அவருடைய சந்தர்ப்பத்தையே.

இருதய வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு பொருத்தப்பட்டோர், இருதயத்தின் உட்சவ்விலே முன்பு கிருமி பற்றி மாறியோர், சில வகைப் பிறவி இருதய நோயுடையோர் ஆகியோருக்கும், பல் பிடுங்குதல் போன்ற காரியங்களுக்கு முன் ஒரே ஒரு தடவை மருந்து கொடுப்பதுண்டு. பழைய காலத்திலே இன்னும் பலருக்குக் கொடுத்தார்கள். 2007 இல் அமெரிக்க இருதயச் சங்கம் ஆபத்து மிகக் கூடியவர்க்கு மாத்திரம் என்று குறைத்தது. 2021 இல், கிளிண்டமைசின் என்னும் மருந்தையும் இத்தேவைக்கு வேண்டாமென்றது. கடுமையான வயிற்றோட்டத்தை உண்டாக்கவல்லது அது. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்தவர்கள் தம் இருதய வைத்தியரின் கடிதத்தோடு பல் வைத்தியரிடம் செல்வது நல்லது. வார்பரின் குடிப்பவர்கள் அதை மறவாமற் சொல்லவேண்டும். மெற்றோனிடசோல் அதனோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். பெனிசிலின் ஒவ்வாதவர்களும் அப்படியே.

எத்தனை நாள் குடிப்பது என்பதிலும் காலம் மாறிவிட்டது. குறித்த நாள் முழுவதும் குடித்தே தீரவேண்டும் என்பது முன்னாள் விதி. இப்பொழுது பல் நோய்க்கு மூன்று முதல் ஏழு நாள், அதிலும் மூன்றாம் நாள் வைத்தியர் திரும்பப் பார்த்து நிறுத்தும் காலத்தைச் சொல்வது என்று கொள்கின்றனர். வேண்டியதிலும் அதிக நாள் குடிப்பதும் கிருமிக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதே. ஆனால் நிறுத்தும் நாளைத் தீர்மானிப்பவர் வைத்தியர். நாமாக நிறுத்துவதும் நாமாக நீட்டுவதும் வேண்டாம்.

திருக்குறளிலே மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறள்களிலே பெரும்பாலானவை அளவறிந்து உண்பதைப் பற்றியவை. இனிப்பையும் சூத்தையையும் அறிந்த எனக்கு அது மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இறுதிக் குறளோ வைத்தியத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுப்பவன் என நாலு கூறாக்குகிறது. அந்த நாலாவது ஆள் இந்த மண்டபத்திலே நிறைய இருக்கிறார். அப்பாவுக்காகப் பாமசிக்குப் போகும் வாலிபராகிய நீங்களே அவர்.

அவர் செய்யக்கூடியது இவ்வளவே. இரவிலே நோவு வந்தால் வளர்ந்தவர் ஒருவருக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒருநாளிலே எட்டுக்கு மேற்படலாகாது. ஈரல் நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்டே எடுக்கவேண்டும். இபுபுறோபென் இந்நோவுக்கு நன்கு கேட்கும். எனினும் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்த்மா உள்ளவரும் கர்ப்பிணிகளும் அதைத் தாமாக எடுக்கலாகாது. காய்ச்சலும் இருந்தால் எவருமே தொடவேண்டாம். டெங்கு உள்ள நாட்டிலே அது இரத்தப்போக்கை உண்டாக்கும். அஸ்பிரினைப் பல்லடியிலே வைத்து அமுக்கும் வழக்கம் முரசைச் சுட்டுப் புண்ணாக்குமேயன்றி நோவைத் தணிக்காது. விடிந்ததும் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பகுதிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பணம் இல்லை, வரிசை உண்டு. உள்ளே போனதும், "எந்தக் குளிசை?" என்று கேட்பதை விட்டு, "இந்தப் பல்லுக்கு இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கேள்வி மாறினாலே துண்டு எழுத எடுத்த பேனையை வைத்தியர் கீழே வைப்பார்.

நாடகத்துக்கு வேஷமிட்ட பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நின்று என்னை முறைத்துப் பார்க்கிறார்கள். ஐயம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்தபின் மண்டப வாசலிலே என்னைக் காணலாம். வாயைத் திறந்து காட்டி மருந்து மாத்திரம் கேட்கவேண்டாம். துண்டு எழுதும் உரிமை எனக்கு இன்னும் இல்லை.